வீட்டுக்குள் சென்சார்: ஆட்கள் ஏற்றுக்கொள்வதற்கு டிசைன் பேட்டர்ன் உண்டா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். நான்கு பேர் சேர்ந்து, தனியாக வசிக்கும் முதியவர்களின் வீட்டில் சென்சார் பொருத்தி, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்பும் அமைப்பு ஒன்றைச் செய்கிறீர்கள். சோதனைக்கு வைத்த சில வீடுகளில் இரண்டே வாரத்தில் பெரியவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். மென்பொருளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கு டிசைன் பேட்டர்ன், அதாவது பலமுறை பயன்பட்ட தீர்வை எழுதி வைத்த மாதிரி, இருப்பது போல, ஆட்கள் மனம் ஒப்பி ஏற்றுக்கொள்வதற்கும் எடுத்துப் பயன்படுத்தும்படியான பேட்டர்ன்கள் உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. சிலவற்றைக் கீழே சொல்கிறேன். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: பிளக்கைப் பிடுங்கியவர்கள் எதைச் சரியாகக் கண்டுகொண்டு பிடுங்கினார்கள்? அதைக் கேட்காமல் பேட்டர்னைத் தேடினால், அவர்களைச் சம்மதிக்க வைக்கும் தந்திரங்கள்தான் கிடைக்கும். நான் 14 வருடமாக வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் சென்சார் அமைப்பு வடிவமைக்கிறேன். அந்தத் தந்திரங்கள் நிலைத்து நான் பார்த்ததில்லை.

பேட்டர்ன் என்ற சொல்லையே கொஞ்சம் சரிசெய்துகொள்ள வேண்டும். மென்பொருள்காரர்கள் 1994-ல் வந்த 23 பேட்டர்ன் தொகுப்பில் இருந்து தொடங்குவார்கள். அந்த எண்ணம் கட்டடக் கலையில் இருந்து வந்தது. கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் பெர்க்லியில் அவருடன் வேலை செய்தவர்களும் 1977-ல் 253 பேட்டர்ன்களை வெளியிட்டார்கள். அவற்றில் தீர்வு பாதிதான். மீதிப் பாதி, எந்தெந்தத் தேவைகள் ஒன்றோடொன்று இழுபறியில் இருக்கின்றன என்ற விவரம். அறைக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் சூடு வேண்டாம். ஜன்னல் வேண்டும், எதிர்வீட்டுப் பார்வை வேண்டாம். இந்த இழுபறியை எழுதாமல் தீர்வை மட்டும் எழுதினால் அது வெறும் செய்முறைக் குறிப்பு. வேறு வீட்டுக்கு எடுத்துப் போனால் பொருந்தாது, ஏன் பொருந்தவில்லை என்றும் தெரியாது. உங்கள் துறையில் இந்த இழுபறி ஆட்களுக்கு இடையே நடக்கிறது. மகளுக்கு நிம்மதி வேண்டும், அம்மாவுக்குத் தன் வீட்டில் தன் பாட்டுக்கு இருக்க வேண்டும். இரண்டுமே நியாயம்.

தொகுப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. எங்கும் நிறைந்த கணினிகளுக்கென்று, அதாவது உங்கள் சென்சார் போல வீட்டிலும் கட்டடத்திலும் கலந்திருக்கும் கணினிகளுக்கென்று, ஜேசன் ஹாங், ஜேம்ஸ் லாண்டே உள்ளிட்டோர் 2004-ல் 45 பேட்டர்ன்களை வெளியிட்டார்கள். துறை இன்னும் முற்றவில்லை என்பதால் முன்-பேட்டர்ன்கள் என்றே பெயர் வைத்தார்கள். வடிவமைப்பாளர்களிடம் கொடுத்துச் சோதித்தும் பார்த்தார்கள். புதியவர்களுக்கு யோசனை தோன்றவும் பேசிக்கொள்ளவும் அவை உதவின. ஆனால் அந்தரங்கம் பற்றிய பேட்டர்ன்கள் அந்தச் சோதனையில் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. இதை நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறார்கள், நீங்களும் மனதில் வையுங்கள். நெதர்லாந்தின் யாப்-ஹென்க் ஹூப்மன் எட்டு உத்திகளாக வகுத்தது இன்னொன்று: குறைவாகச் சேகரி, மறை, பிரித்து வை, தொகுத்துச் சுருக்கு, தெரிவி, கட்டுப்பாட்டைக் கொடு, விதியை அமல்படுத்து, செய்ததை நிரூபி. சரிபார்ப்புக்கு நான் அடிக்கடி எடுப்பது இதைத்தான். ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகத்தில் கணினிக்காரர்கள், சட்டத்துறையினர், பயன்பாட்டு வடிவமைப்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அரசியல் சாசன உரிமையில் தொடங்கி, அதைச் சட்டத் தேவையாக, பிறகு அளவுகோலாக, கடைசியில் தொழில்நுட்ப முடிவாகப் படிப்படியாக இறக்கிக்கொண்டு வரும் முறை அங்கே இருக்கிறது. தன்னைப் பற்றிய தகவலை என்ன செய்வது என்று தானே முடிவு செய்யும் உரிமையை ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 1983-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் அறிவித்தது. காசல் முறையின் வேர் அந்தத் தீர்ப்புவரை போகிறது. பொறியாளர் கையில் கடைசியாக வந்து சேரும் வரி 'இந்தத் தகவல் 24 மணி நேரத்தில் அழிய வேண்டும்' என்பது போலச் சிறியதாக இருக்கும். ஆனால் அந்த வரி எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க முடியும்.

இனி உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று. ஆட்கள் ஏற்பதும் ஏற்காததும் பெரும்பாலும் ஒப்புதல் திரையில் தீர்மானமாவதில்லை. தகவல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில் தீர்மானமாகிறது. இதற்கு இரண்டு பழைய கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் ராய் வாண்ட், ஆண்டி ஹாப்பர் குழுவினர் 1989-க்கும் 1992-க்கும் இடையே ஆக்டிவ் பேட்ஜ் செய்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னப் பெட்டி, 15 நொடிக்கு ஒரு முறை அகச்சிவப்பில் தன் அடையாளத்தைச் சொல்லும். கட்டடத்தில் ஆங்காங்கே இருக்கும் சென்சார்கள் கேட்டு, யார் எந்த அறையில் என்று மையக் கணினிக்குச் சொல்லும். வரவேற்பில் இருப்பவர் வரும் போன் அழைப்பைச் சரியான அறைக்குத் திருப்பிவிடுவார். 2000-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கிரிக்கெட் என்று ஒரு கருவி வந்தது. செய்தவர்களில் ஒருவரான ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் படித்தவர். அதில் அறையின் கூரையில் இருக்கும் கருவிதான் பேசும், உங்கள் கையில் இருப்பது கேட்கும். ரேடியோ அலையும் மனிதக் காதுக்கு எட்டாத ஒலியும் சேர்ந்து கிளம்பும். மின்னலைப் பார்த்ததும் இடி வரும்வரை எண்ணி எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுவோமே, அதே கணக்கை உங்கள் கருவி போட்டுத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். கட்டடத்துக்குத் தெரியாது. விருப்பம் இருந்தால் நீங்கள் சொல்லலாம். முதலாவதில் நம்பிக்கை கேட்க வேண்டியிருக்கிறது, இரண்டாவதில் கேட்க வேண்டிய தேவையே குறைகிறது. இந்தத் திசையைத் தேர்ந்தெடுப்பதுதான் நான் அறிந்த மிகப் பயனுள்ள பேட்டர்ன். முதல் வாரத்தில் எடுக்க வேண்டிய முடிவு இது. சர்வர் எல்லாம் கட்டிய பிறகு மாற்றுவது கிட்டத்தட்ட புதிதாகச் செய்வதுதான்.

ஆனாலும் ஆக்டிவ் பேட்ஜிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. இருட்டில் வைத்தால் பேட்டரியை மிச்சம் பிடிக்க அது அணைந்துவிடும். அதாவது மேசை டிராயருக்குள் போட்டால் போதும், மெனு தேட வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஏன் அணைத்தாய் என்ற கேள்விக்கும் 'டிராயரில் மறந்துவிட்டேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். மனிதர்களுக்கு இந்தச் சாக்கு தேவை. அதைப் பொய் என்று நினைத்து அடைக்கப் பார்க்கும் பொறியாளர்கள் ஆட்களின் நம்பிக்கையைச் சீக்கிரம் இழக்கிறார்கள்.

ஆக்டிவ் பேட்ஜ் பிறந்த அதே கேம்பிரிட்ஜில், ஜெராக்ஸின் யூரோபார்க் ஆய்வகத்தில் அறைக்கு அறை கேமராவும் மைக்கும் திரையும் வைத்து வேலை செய்து பார்த்தார்கள். விக்டோரியா பெலோட்டியும் அபிகெய்ல் செல்லனும் அதை வைத்து 1993-ல் எழுதியதுதான் இன்றுவரை இத்துறையின் அடித்தளம். என்ன பதிவாகிறது, அது என்ன ஆகிறது, யார் பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்ற நான்கும் அந்த ஆளுக்குத் தெரிய வேண்டும், நான்கிலும் அவர் கை ஓங்கியிருக்க வேண்டும். அங்கே ஒருவர் இன்னொருவரின் அறையைக் கேமரா வழியாக எட்டிப் பார்த்தால், பார்க்கப்படுபவருக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்படி செய்திருந்தார்கள். பொது அறையில் இருந்த கேமரா கண்ணில் படவேண்டும் என்று அதை ஒரு பொம்மையின் கையில் கொடுத்து நிறுத்தினார்கள். பக்கத்தில் கேமரா காண்பதைக் காட்டும் திரை. அந்தத் திரையிலும் ஒரு குறை: படத்தைக் காட்டும், மறுமுனையில் யார் பார்க்கிறார்கள் என்று காட்டாது. எங்கும் நிறைந்த கணினி என்று இத்துறைக்குப் பெயர் வைத்த மார்க் வைசர் 1991-ல் சொன்னது, மிகச் சிறந்த தொழில்நுட்பம் கண்ணில் படாமல் வாழ்க்கையோடு கலந்துவிடும் என்று. கலந்து மறைந்துவிட்டால், பார்க்கப்படுகிறோம் என்பதும் மறைந்துவிடுகிறதே! இந்த முரணை யாரும் தீர்த்துவிடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் புதிதாகப் பேசித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

என் கையால் கெட்ட ஒன்றைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு வீடு, 75 வயதைத் தாண்டிய அம்மா தனியாக இருந்தார், மகள் பெங்களூரில். கேமரா வேண்டாம் என்று நாங்களே முடிவெடுத்து, அசைவை மட்டும் அறியும் பிஐஆர் சென்சார்களை வைத்தோம். அவற்றால் படம் எடுக்க முடியாது, உடல் சூடு நகர்வதை மட்டும்தான் உணரும். அதனால் அந்தரங்கப் பிரச்சினையே இல்லை என்று நம்பியிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால் கூடத்துச் சென்சார் மேல் ஒரு ஈரிழைத் துண்டு தொங்கியது. அந்த அம்மா சொன்னார்: "அந்தச் செவப்பு லைட்டு கண்ணு முழிச்சுப் பாக்குற மாதிரியே இருக்குதுங்க தம்பி. சேலை மாத்துறப்பவும் மினுக்குது." அசைவு தெரிந்தால் மினுக்கும் எல்இடி அது, தொழிற்சாலையில் இருந்து அப்படியே வந்தது. சென்சார் எதைப் பார்க்காது என்பது எனக்குத் தெரியும், அவருக்கு யாரும் சொல்லவில்லை. காசு கொடுப்பவர் மகள் என்பதால் நான் பேசியதெல்லாம் மகளிடம்தான்.

துண்டு போட்டதன் விளைவு அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே வந்திருந்தது. அன்று அவர் எண்ணெய் தேய்த்து ஊறவைத்துத் தலைக்குக் குளித்திருக்கிறார், நேரம் ஆகியிருக்கிறது. கூடத்தில் அசைவே இல்லை என்று எங்கள் சர்வர் மகளுக்கு அலாரம் அனுப்பியது. மகள் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்ய, அவர்கள் மாற்றுச் சாவியோடு உள்ளே வந்துவிட்டார்கள். தன் வீட்டில், தலை ஈரத்தோடு, அரைகுறையாகச் சேலை சுற்றிக்கொண்டு நிற்கும்போது ஊரே வந்து நின்றது அவருக்குப் பெரிய அவமானம். மகளின் போனில் வரும் வரிகளை அவரிடம் காட்டினேன். காலை 5.40 சமையலறை, 6.05 நடைவழி என்று ஓடியது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நான் எத்தன மணிக்குப் பாத்ரூம் போறேன்னு அவளுக்கு எதுக்குங்க?" என்னிடம் பதில் இல்லை. மகளும் அதைக் கேட்டிருக்கவில்லை. தகவல் இருந்தது, அதனால் அனுப்பினோம்.

அதற்குப் பிறகு மூன்று மாற்றம் செய்தோம். மகளுக்குப் போவது ஒரு நாளைக்கு ஒரே ஒரு பச்சை அடையாளம், காலை எட்டு மணிக்குள் அம்மா எழுந்து நடமாடுகிறார் என்ற அளவில். அசைவு இல்லையென்றால் முதல் மணி அந்த அம்மாவுக்கே அடிக்கும், கட்டில் அருகே ஒரு பெட்டியில். கால் மணி நேரத்துக்குள் பட்டனை அமுக்கினால் விஷயம் அங்கேயே முடிந்தது, மகளுக்குச் செய்தியே போகாது. மூன்றாவது, துண்டுக்குப் பதில் சென்சாருக்கு ஒரு மரமூடி. மூடியிருப்பது அந்தப் பெட்டிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. நான்கு மணி நேரம் மூடியே இருந்தால் பெட்டி அவரிடம்தான் கேட்கும். அந்த மூடியை அவர் எத்தனை முறை மூடினார் என்ற கணக்கை நாங்கள் வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்று வேண்டுமென்றே எழுதிக்கொண்டோம்.

இதை நான் 'முதல் மணி அவருக்கே' என்ற பெயரில் ஒரு பேட்டர்னாக எழுதி வைத்திருக்கிறேன். எங்கே உடையும் என்பதையும் சேர்த்துத்தான். பக்கவாதம் போல ஒவ்வொரு நிமிடமும் முக்கியமான நிலையில் அந்தக் கால் மணி நேரம் விலை உயர்ந்தது. அதை எவ்வளவாகக் குறைப்பது என்று குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், பொறியாளர் எடுக்கக் கூடாது. காது மந்தமானவருக்கு மணி போதாது, விளக்கோ அதிர்வோ வேண்டும். நினைவு குலையும் நோய் உள்ளவரிடம் இந்தப் பேட்டர்ன் பொருந்தவே பொருந்தாது. என்ன கேட்கிறது என்று புரியாமலே பட்டனை அமுக்கிவிடுவார், ஆபத்து மறைந்துபோகும். இப்படி 'எங்கே பயன்படுத்தாதே' என்ற பகுதி இல்லாத பேட்டர்ன் தொகுப்பு கையில் கிடைத்தால், நான் அதைக் கடைசியில்தான் படிப்பேன்.

மகளுக்கு எவ்வளவு, மருத்துவருக்கு எவ்வளவு என்று பிரிக்கும்போது முன்பு சொன்ன அலெக்சாண்டரின் கட்டடப் பேட்டர்ன் ஒன்று எனக்கு மிகவும் உதவியது. வீட்டின் இடங்கள் வாசலில் தொடங்கி உள்ளே போகப் போக அந்தரங்கம் கூடும் வரிசையில் இருக்க வேண்டும் என்பது அது. நம் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தபால்காரர் திண்ணையோடு போய்விடுவார், தெரிந்தவர் ரேழி தாண்டிக் கூடத்துக்கு வருவார், சமையல் உள்ளுக்கு உறவுக்காரர்தான் வருவார். தகவலையும் இப்படியே அடுக்கலாம். விளக்கு எரிகிறது என்பது திண்ணைத் தகவல், பக்கத்து வீட்டுக்கே தெரியும். காலையில் எழுந்தார் என்பது கூடத்துத் தகவல். எத்தனை முறை இரவில் எழுந்தார் என்பது உள்ளறை. அது வீட்டுப் பெட்டியை விட்டு வெளியே போகக் கூடாது, அவரே மருத்துவரிடம் காட்ட விரும்பினால் தவிர. முதியவர்களிடம் "டேட்டா லெவல்" என்று பேசி ஒருவர்கூட எனக்குத் தெளிவாகப் பதில் சொன்னதில்லை. "இதை யார் எந்த அறை வரை வந்து பார்க்கலாம்" என்று கேட்டால் உடனே சொல்கிறார்கள், அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறாக.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒருவரையும் சேர்க்க வேண்டும்: வீட்டு வேலைக்கு வரும் பெண். அவர் எதற்கும் சம்மதிக்கவில்லை, ஆனால் எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு நேரம் எந்த அறையில் இருந்தார் என்பதெல்லாம் உங்கள் சென்சாரில் விழும். வாங்குபவரை மட்டும் நினைத்துச் செய்ததால் வந்த வினைக்கு, சாவியும் பையும் தொலையாமல் இருக்க மாட்டிக்கொள்ளும் ஆப்பிளின் ஏர்டேக் நல்ல உதாரணம். 2021 ஏப்ரலில் வந்தபோது, சொந்தக்காரரை விட்டுப் பிரிந்த டேக் மூன்று நாள் கழித்துத்தான் சத்தமிடும். அடுத்தவர் பையில் ரகசியமாகப் போட்டுப் பின்தொடர மூன்று நாள் தாராளம். ஜூனில் அதை 8 முதல் 24 மணி நேரமாகக் குறைத்தார்கள். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்குத் தானாக எச்சரிக்கை வருவது 2023-ல்தான் தொடங்கியது. இரண்டு வகைப் போனுக்கும் பொதுவான ஏற்பாட்டை ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து 2024 மே மாதம்தான் கொண்டுவந்தார்கள். உங்கள் அமைப்பில் இதற்கு எளிய வழி, ஆள் யாரென்று பிரித்தறியும் திறனையே கட்டாமல் இருப்பது. கட்டிவிட்டால் யாராவது ஒருநாள் "அவள் எத்தனை மணிக்கு வந்தாள்" என்று கேட்பார்கள், உங்களால் மறுக்க முடியாது.

மறுக்கும் உரிமை பற்றி நெதர்லாந்தில் நடந்ததையும் பாருங்கள். எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மின்மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை 2009-ல் அங்கே நாடாளுமன்ற மேலவை தடுத்துவிட்டது. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை மின்சாரக் கணக்கு வெளியே போனால், வீட்டில் ஆள் இருக்கிறாரா, எப்போது தூங்குகிறார் என்றெல்லாம் தெரிந்துவிடும் என்பது எதிர்ப்பின் சாரம். வேண்டாம் என்று சொல்லும் வழியைச் சேர்த்துத் திருத்திய பிறகுதான் அது சட்டமானது. 'வேண்டாம்' என்பதை வடிவமைப்பின் ஓர் உறுப்பாகச் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்குவதுதான் ஒரே வழி என்றால் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

இனி சந்தேகத்துக்கு உரியவை. பேட்டர்ன்களைப் பின்பற்றினால் ஆட்கள் ஏற்பார்கள் என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். 2004-ன் அந்தச் சோதனை முடிவை மறுபடி நினைவூட்டுகிறேன். என் அனுபவம் வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும்தான். மருத்துவமனை, பள்ளி, தொழிற்சாலை போன்ற இடங்களில் மேலதிகாரி இருக்கிறார், அங்கே 'விருப்பம்' என்ற சொல்லின் பொருளே மாறிவிடும். அங்கே வேலை செய்தவர்களிடம் கேளுங்கள். நான் வழக்கறிஞரும் அல்ல. ஆனால் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல் நம் அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும், தமிழும் அதில் இருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் செய்யாதீர்கள். அந்த அம்மா படிக்கிற தமிழில் எழுதுங்கள், பெரிய எழுத்தில், சென்சார் எதைப் பார்க்காது என்பதை முதல் வரியில் வைத்து.

உங்கள் குழு இப்போது செய்யக்கூடியது, பிளக்கைப் பிடுங்கிய வீடுகளுக்கு லேப்டாப் இல்லாமல் திரும்பப் போவது. பிள்ளைகளின் போனில் என்ன தெரிந்தது என்பதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் கொடுங்கள், பேனாவும் கொடுங்கள். எந்த வரியை அடிக்கிறார்களோ அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அப்புறம் உங்கள் அலாரம் முதலில் யாருக்குப் போகிறது, சென்சாரில் இருந்து நேராக வரும் மூலத் தரவு எந்தப் பெட்டியில் எத்தனை நாள் இருக்கிறது என்ற இரண்டையும் இங்கே எழுதுங்கள். எந்தப் பேட்டர்ன் உங்களுக்குப் பொருந்தும் என்று அதை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும்.